காபி டிகாக்ஷன் போல ஒரு பாட்டில்

இறுதியாண்டு புராஜெக்ட் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது ஹாஸ்டல் பாத்ரூம்கள் தொழிற்சாலைகளாக மாறிவிடும். ஒருவன் இஸ்திரிப் பெட்டியால் லேசர் பிரிண்ட்டைக் காப்பர் போர்டில் தேய்த்துக்கொண்டிருப்பான். இன்னொருவன் பிளாஸ்டிக் டப்பாவில் பழுப்பு நிறத் திரவத்தை ஊற்றி ஆட்டிக்கொண்டிருப்பான். அரை மணி நேரத்தில் தேவையில்லாத செம்பு எல்லாம் கரைந்து, கணினியில் வரைந்த சர்க்யூட் கையில் வந்துவிடும். அந்த நொடியின் சந்தோஷத்தை எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போகாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

அதற்கு அடுத்து நடப்பதுதான் பிரச்சினை. டப்பாவில் மிச்சமிருக்கும் திரவம் பாத்ரூம் ஓட்டைக்குள் போகும். அல்லது "அடுத்த போர்டுக்கு ஆகும்" என்று காலி குளிர்பான பாட்டிலில் ஊற்றி ஜன்னல் ஓரத்தில் வைக்கப்படும். பயன்படுத்திய ஃபெர்ரிக் குளோரைடு பார்ப்பதற்கு அசல் காபி டிகாக்ஷன் மாதிரியே இருக்கும். ஹாஸ்டல் அறை என்றால் நடு இரவில் தாகத்தோடு எழும் ரூம்மேட். வீடு என்றால் பள்ளி விட்டு வரும் தம்பி, தங்கை. பாட்டிலின் மேல் பழைய குளிர்பானத்தின் படம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விபத்துக்கு இதைவிட வேறென்ன ஏற்பாடு வேண்டும்?

வீட்டிலேயே பி.சி.பி. செய்வதை யாரும் தடை செய்ய வேண்டியதில்லை. தடை செய்யவும் கூடாது. ஆனால் இந்த வேலை கற்றுத்தரப்படும் விதம் தலைகீழாக இருக்கிறது. லேப் மேனுவலானாலும் யூடியூப் வீடியோவானாலும் "போர்டை ஃபெர்ரிக் குளோரைடில் போடவும், செம்பு கரைந்ததும் எடுத்துக் கழுவவும்" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. கையுறை, கண்ணாடி என்று கடைசியில் ஒரு வரி இருந்தால் அதிகம். மிச்சத் திரவம் எங்கே போக வேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரியும் கிடையாது. பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் புதுப் பொடியின் குணம். ஃபெர்ரிக் குளோரைடு கடைகளில் இரண்டு வடிவத்தில் கிடைக்கும். ஒன்று மஞ்சள் கலந்த பழுப்புக் கட்டி. அதற்குள் ஏற்கெனவே நீர் இருப்பதால் சாதுவாகக் கரையும். இன்னொன்று நீரற்ற பொடி, கறுப்பாக இருக்கும். இதைத் தண்ணீரில் போட்டால் கடுமையாகச் சூடேறும், சீறும், ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையைக் கிளப்பும். பொட்டலத்தின் மேல் பெயரைத் தவிர எதுவும் எழுதாமல் விற்றால் எந்த வகை என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே எதுவானாலும் நீரற்றது என்றே வைத்துக்கொள்வது நல்லது. டப்பாவில் முதலில் குளிர்ந்த தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடி. பொடியின் மேல் தண்ணீரை ஊற்றும் வேலையே கூடாது. அமிலத்துக்குப் பத்தாம் வகுப்பில் படித்த அதே விதிதான்.

பாத்திரமும் முக்கியம். எவர்சில்வர் துரு பிடிக்காது என்ற நம்பிக்கையில் அதில் ஊற்றுபவர்கள் உண்டு. ஃபெர்ரிக் குளோரைடு எவர்சில்வரையும் குழிகுழியாக அரிக்கும், சமையலறை சிங்க் உட்பட. அலுமினியப் பாத்திரம் இன்னும் மோசம். வினை வேகமாக நடந்து சூடும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிதான் சரி. ஒருமுறை இதற்கு எடுத்த டப்பா மறுபடி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. அம்மாவின் ஊறுகாய் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டால் தெரியாது என்பது நடக்கிற காரியம் இல்லை. கறையே காட்டிக்கொடுத்துவிடும் :-) சட்டையில் பட்ட கறை சோப்புக்குப் போகாது, டைல்ஸில் பட்டதும் சுலபத்தில் போகாது.

சூடாக இருந்தால் வேகமாக அரிக்கும் என்பது உண்மை. 40 முதல் 50 டிகிரி வரை இருந்தால் போதும். அதற்காக டப்பாவை அடுப்பில் வைப்பது வேண்டாத விளையாட்டு. ஒரு பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் டப்பாவை வைத்து மெல்ல ஆட்டினால் அதே வேகம் கிடைக்கும்.

ஃபெர்ரிக் குளோரைடு கறை படிகிறது, மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்லி வேறு வழிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் பிரபலமானது பாத்ரூம் கழுவும் ஆசிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கலவை. இது வேகமாக வேலை செய்யும், திரவம் தெளிவாக இருப்பதால் போர்டும் தெரியும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் புகையும். பெராக்சைடு அதிகமானால் குளோரின் வாயுவும் சேர்ந்து வரும். பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் சில நாட்களில் துருப்பிடித்துப் போவதைப் பார்த்தாலே தெரியும். இரும்புக்கே அந்தக் கதி என்றால் நுரையீரல் என்ன ஆகும்? மருந்துக் கடையில் காயம் கழுவக் கிடைக்கும் 3 சதவீதப் பெராக்சைடும் லேபில் இருக்கும் 30 சதவீதப் பெராக்சைடும் பெயரில்தான் ஒன்று. 30 சதவீதம் தோலில் பட்டால் வெளுத்துப் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இந்தக் கலவையை மூடி இறுக்கி வைக்கவும் கூடாது. ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும், பாட்டில் வீங்கி வெடித்துவிடும்.

இதைவிட மோசமானது பாத்ரூமில் செய்யும்போது வருவது. நம்மூர்ப் பாத்ரூம்களில் பிளீச்சிங் பவுடர் இல்லாத இடம் அபூர்வம். ஒருவன் அமிலக் கலவையைக் கொட்டிவிட்டுப் போகிறான். தரையெல்லாம் கறையாக இருக்கிறதே என்று அடுத்து வருபவர் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார். அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு. மூடிய சிறு அறையில் அது வருவதைவிட ஆபத்தான விஷயம் வீட்டுக்குள் அதிகம் இல்லை. பி.சி.பி. என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் அதை அனுபவிப்பார்.

அமில விற்பனைக்குச் சட்டம் இருக்கிறது. பெண்கள் மீது நடந்த அமிலத் தாக்குதல்கள் தொடர்பான லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் கட்டுப்பாடுகளை விதித்தது. கடைக்காரர் வாங்குபவரின் பெயர், முகவரியைப் பதிவேட்டில் எழுத வேண்டும், புகைப்பட அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. கல்லூரிகளும் ஆய்வகங்களும் அமிலம் எவ்வளவு பயன்பட்டது என்று பதிவேடு வைத்து, அதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. லேபில் இருக்கும் அமிலத்துக்கு இத்தனை காவல். அதே கல்லூரி மாணவன் ஹாஸ்டலில் வைத்திருக்கும் பாட்டிலுக்கு யார் பொறுப்பு? "வெளியே செய்துகொள்ளுங்கள்" என்று லேப் கதவைச் சாத்தும்போது ஆபத்து குறைவதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது. அவ்வளவுதான்.

நைட்ரிக் அமிலத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அது வீட்டுக்குள் வரவே கூடாது. செம்போடு சேர்ந்து அது கிளப்பும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுவாசித்தவர் லேசான இருமலோடு "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடலாம். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். உடனே வலிக்காத விஷம் என்பதால்தான் அது மோசம்.

இந்த இடத்தில் ஓவியர்களிடம் கற்றுக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்சு எடுக்கும் எட்ச்சிங் கலை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழமை உடையது. அதில் நைட்ரிக் அமிலம் சர்வ சாதாரணம். 1990களில் எடின்பரோவில் ஃப்ரீட்ஹார்ட் கீகபென் என்ற கலைஞர் ஃபெர்ரிக் குளோரைடோடு சிட்ரிக் அமிலம் சேர்த்து ஒரு கலவையை உருவாக்கினார். 'எடின்பரோ எட்ச்' என்று அதற்குப் பெயர். அடியில் வண்டல் தேங்காமல் வேகமாக அரித்தது, நைட்ரிக் புகையும் இல்லை. ஓவியக் கூடங்கள் பலவும் அமிலத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தன. கலையை விடாமல் பழக்கத்தை மட்டும் மாற்றினார்கள். மாணவர்கள் செய்ய வேண்டியதும் அதுதான்.

சமையலறைப் பொருட்களை வைத்தே அரிக்கலாம் என்றும் ஒரு வழி சுற்றுகிறது. 3 சதவீதப் பெராக்சைடு 100 மில்லி, சிட்ரிக் அமிலம் 30 கிராம், உப்பு 5 கிராம். இது நிஜமாகவே வேலை செய்கிறது. புகை மிகக் குறைவு, கையில் பட்டால் கழுவிவிடலாம். முதல் முறை செய்பவருக்கு இதையே சிபாரிசு செய்யலாம். ஆனால் இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. எலுமிச்சைப் புளிப்பும் உப்பும்தானே என்று மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிடத் தோன்றும். உள்ளே போனது சாதுவான பொருள்தான். வெளியே வருவது செம்பு. எந்தக் கலவையில் அரித்தாலும் போர்டிலிருந்து போன செம்பு அத்தனையும் அந்தத் திரவத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு செம்பு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண போர்டில் செம்புப் படலத்தின் தடிமன் 35 மைக்ரான். 10க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள ஒற்றைப் பக்க போர்டில் மொத்தம் சுமார் 4.7 கிராம் செம்பு இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தால் ஏறத்தாழ 3 கிராம். அற்பம் என்று தோன்றும். இந்தியாவில் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் விடுவதற்கான விதிகளில் செம்பின் உச்ச அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராம். 3 கிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். மொட்டை மாடியில் இருக்கும் ஒரு முழுத் தொட்டி, ஒரே ஒரு போர்டுக்கு. வகுப்பில் 60 பேர் என்றால் 60 தொட்டி. "ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டேனே" என்பவருக்கு இந்தக் கணக்கு போதும்.

செம்பு நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பது விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து போர்டோ கலவை என்று செடிகளுக்குத் தெளிப்பது பூஞ்சையை ஒழிக்கத்தான். அதே செம்பு செப்டிக் டேங்கில் போனால் கழிவை மக்கச் செய்யும் கிருமிகளுக்குத்தான் முதல் அடி. கால்வாய் வழியே ஏரிக்குப் போனால் பாசிக்கும் மீனுக்கும். புது அமிலத்தைப் பார்த்துப் பயப்படும் பலர் பழைய திரவத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நியாயப்படி பார்த்தால் பழையதற்குத்தான் அதிக மரியாதை தர வேண்டும்.

சரி, மிச்சத்தை என்னதான் செய்வது?

முதல் வழி, மிச்சமே குறைவாக வரும்படி செய்வது. 3 கிராம் செம்பைக் கரைக்கக் கணக்குப்படி சுமார் 15 கிராம் நீரற்ற ஃபெர்ரிக் குளோரைடு போதும். வேகம் குறையாமல் இருக்க இரண்டு மூன்று மடங்கு எடுத்தாலும் 50 கிராமைத் தாண்டாது. கால் கிலோ பொட்டலத்தை அப்படியே கரைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பஞ்சு ஸ்பாஞ்சை நனைத்துப் போர்டின் மேல் தொடர்ந்து துடைத்தால் இன்னும் குறைவாகப் போதும், சீக்கிரமும் முடியும். கையுறை அவசியம். டிசைன் செய்யும்போதே காலி இடங்களைச் செம்பாகவே விட்டு கிரவுண்டோடு இணைத்துவிட்டால் கரைய வேண்டிய செம்பு பாதிக்கும் கீழே போகும். சர்க்யூட்டில் இரைச்சலும் குறையும்.

இரண்டாவது வழி, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. அமிலமும் பெராக்சைடும் சேர்ந்த கலவை சில போர்டுகளுக்குப் பிறகு பச்சை நிறமாகிவிடும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. குப்ரிக் குளோரைடு என்ற புதிய அரிப்பானாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். மீன் தொட்டிக்கு வைக்கும் சிறு பம்ப்பால் காற்றைச் செலுத்தி, அவ்வப்போது துளி அமிலம் சேர்த்தால் நீண்ட நாள் உழைக்கும். வீட்டுக்குள் இல்லாமல் காற்றோட்டமான லேபில், பொறுப்பான ஒருவரின் கண்காணிப்பில் இதைச் செய்யலாம்.

மூன்றாவது, முடிந்துபோன திரவம். ஃபெர்ரிக் குளோரைடு என்றால் பெரிய பக்கெட்டில் ஊற்றி, சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பொங்கி நுரைக்கும், அதனால்தான் பெரிய பக்கெட். நுரைப்பது நின்று, பி.எச். தாள் 8 என்று காட்டும்போது செம்பும் இரும்பும் சேறாக இறங்கத் தொடங்கும். ஒரு இரவு விட்டால் அடியில் படிந்துவிடும். துணியில் வடிகட்டி, சேற்றைக் காயவைத்துப் பெயர் எழுதிய டப்பாவில் சேர்க்க வேண்டும். பலர் செய்யும் தவறு, சோடா போட்டதும் அமிலம் போய்விட்டது என்று எல்லாவற்றையும் சேறோடு கொட்டிவிடுவது. அமிலம் போயிருக்கிறது, செம்பு போகவில்லை.

எல்லாக் கலவைக்கும் இந்த வழி சரிவராது. அம்மோனியம் பெர்சல்பேட்டில் சோடா போட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து ஆழ்ந்த நீலத் திரவமாகச் செம்பு கரைந்தே நிற்கும். சிட்ரிக் அமிலமும் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கவிடாது. அவற்றை அப்படியே சேர்த்து வைத்துக் கல்லூரி லேபில் ஒப்படைப்பதுதான் சரி. வடிகட்டிய நீரில் நீலமோ பச்சையோ தெரிந்தால் அதுவும் அங்கேதான் போக வேண்டும்.

இங்கேதான் கல்லூரிகள் மீது கேள்வி வருகிறது. லேபில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்ள அங்கே ஒரு கேன் இருக்கிறதா? தமிழ்நாட்டில் அபாயகரக் கழிவுகளைக் கையாளக் கும்மிடிப்பூண்டியில் பொது நிலையம் இருக்கிறது. தொழிற்சாலைகள் அங்கே அனுப்புகின்றன. ஒரு மாணவன் அரை லிட்டர் பாட்டிலோடு அங்கே போக முடியாது. ஆனால் ஒரு கல்லூரி வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கேன்களை முறையாக அனுப்ப முடியும். வேதியியல் துறைக்கு ஏற்கெனவே அப்படி ஒரு வழி இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் துறை அதில் சேர்ந்துகொண்டால் போதும். லேபின் ஒரு மூலையில் எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீர்க் குழாய், இரண்டு டிரே, நான்கு பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு கேன். இந்தச் செலவு ஒரு நல்ல ஆஸிலோஸ்கோப் விலையில் சிறு பங்குதான் வரும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, டிசைனை ஆன்லைனில் அனுப்பினால் போர்டு வீட்டுக்கே வருமே" என்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு பக்க போர்டு, மெல்லிய டிராக், பல காப்பிகள் வேண்டும் என்றால் கம்பெனியில் செய்வதே சரி. சிறு சோதனைக்கு டாட் போர்டே போதும். ஆனால் டிசைனில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து அன்றைக்கு இரவே திருத்தி, மறுநாள் காலையில் ஓட்டிப் பார்ப்பது வீட்டு போர்டில்தான் முடியும். செம்பு கண்ணெதிரே கரைவதைப் பார்த்தவனுக்கு டிராக்கின் அகலம் ஏன் முக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இயந்திரத்தில் செதுக்கினால் ரசாயனமே வேண்டாம் என்பதும் பாதி உண்மைதான். எஃப்.ஆர்.4 போர்டில் இருப்பது கண்ணாடி இழை. செதுக்கும்போதும் துளை போடும்போதும் பறக்கும் தூள் மூச்சுக்குள் போகக் கூடாதது. மாஸ்க் அதற்கும் வேண்டும்.

கடைசியாகக் கண்கள். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர் அது போதும் என்று நினைத்துக்கொள்கிறார். பக்கவாட்டில் தெறிக்கும் துளிக்கு அது தடையே இல்லை. அமிலத்தைவிட மோசமானது காஸ்டிக் சோடா. ஃபோட்டோ ரெசிஸ்ட் முறையில் டெவலப்பராகப் பயன்படுவது அதுதான். லிட்டருக்கு 10 கிராம் அளவில் கரைத்தது தண்ணீர் மாதிரியே இருக்கும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு கண்ணுக்குள் ஆழமாகப் போகும். எது பட்டாலும் முதல் மருந்து குழாய்த் தண்ணீர்தான். குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். சோடாவையோ வினிகரையோ கண்ணில் ஊற்றி 'சமன்' செய்யும் வேலை வேண்டாம். பிறகு மருத்துவமனை, தேவைப்பட்டால் 108. என்ன ரசாயனம் என்று எழுதிய டப்பாவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். குளிர்பான பாட்டிலைக் காட்டினால் டாக்டருக்கு என்ன புரியும்?

இத்தனையும் படித்துவிட்டுப் பயந்து பி.சி.பி. செய்வதையே விட்டுவிட வேண்டியதில்லை. சால்டரிங் அயர்ன் 300 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிறது. அதை யாரும் மெத்தையில் வைப்பதில்லை. ஸ்டாண்டில்தான் வைக்கிறார்கள். முதல் நாளே அப்படிப் பழக்கியதால் கை தானாகவே ஸ்டாண்டைத் தேடுகிறது. ரசாயனத்துக்கும் அப்படி ஒரு முதல் நாள் வேண்டும்.

அதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. மாணவர்கள் மதிப்பெண்ணுக்குத்தான் கட்டுப்படுவார்கள். புராஜெக்ட் வைவாவில் "சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்பவர்கள் "போர்டு அரித்த திரவம் இப்போது எங்கே இருக்கிறது?" என்றும் கேட்டு அதற்கு ஐந்து மதிப்பெண் வைத்தால் போதும். ஒரே செமஸ்டரில் ஜன்னல் ஓரத்து பாட்டில்கள் எல்லாம் காணாமல் போய்விடும்.

அதுவரைக்கும், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. அந்தக் குளிர்பான பாட்டிலை எடுத்து, உள்ளே இருப்பதை அகன்ற வாயுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, 'விஷம்' என்று பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டி, தம்பி தங்கை கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது. ஐந்து நிமிட வேலை.